டாக்டருக்குப் பேண்ட், நர்ஸுக்குக் கைலி

அளவு கொடுக்க வருகிற பெண்கள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். கையைத் தூக்கச் சொன்னால் தோள்பட்டை வலி, திரும்பி நிற்கச் சொன்னால் இடுப்பு வலி. கடைசியில் ஒரு கேள்வி வரும்: "அக்கா, தென்காசியில நல்ல டாக்டரு யாருக்கா?" எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். "எனக்கு என்னட்டி தெரியும்? நான் டெய்லரு. ஜாக்கெட்டப் பத்திக் கேளு, சொல்லுதேன்" என்று வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே கத்துவேன். டெய்லரக்காளுக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று இலஞ்சித் தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும். என் தம்பியின் இடது கால் விஷயம் அவர்களுக்குப் பாதிதான் தெரியும். முழுதும் தெரிந்திருந்தால் அளவு கொடுக்க வேறு ஆளைப் பார்த்துப் போயிருப்பார்கள்.

அம்மா இறந்து போகும்போது எனக்கு இருபத்தொரு வயது, அவனுக்கு ஒன்பது. எனக்கு வந்த இரண்டு வரனும் "தம்பியையும் கூடவே கூட்டிட்டா வருவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். போங்கடா என்று நானும் தையல் மிஷினை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் வளர்ந்து லாரி டிரைவரானான். புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏற்றினால் மூன்று நாள் வடக்கே ஓட்டம், திரும்ப மூன்று நாள். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. லாரி டிரைவர் என்றதும் பெண் வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஏழெட்டு இடம் தட்டிப் போன பிறகு சுரண்டையில் ஒரு வீட்டில் சரி என்றார்கள். பெண் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது? எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை அவன் பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஏலே, என்னலே நொண்டுதே?"

"ஒண்ணுமில்லக்கா. ஆறு நாளா ஒரே உக்காரு. கால் புடிச்சிக்கிட்டு. சவத்த விடு."

கைலியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது பார்த்தேன். இடது கெண்டைக்கால் வீங்கி, தோல் மினுமினு என்று இருந்தது. நான் முதலில் நினைத்தது அந்தக் காலைப் பற்றி அல்ல, சுரண்டை வீட்டைப் பற்றித்தான். நொண்டிக்கொண்டு போய் நின்றால் மாப்பிள்ளைக்குக் கால் ஊனம் என்று அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்களே என்றுதான் பயந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மருந்துக் கடை அண்ணாச்சியிடம் ஓடினேன். எங்கள் தெருவுக்கு அவர்தான் பாதி டாக்டர். "வலியா, வீக்கமா?" என்று கேட்டார். இரண்டும் என்றேன். மாத்திரை அட்டைகளிலிருந்து சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மூன்றைக் கத்தரித்து ஒரு தாள் கவரில் போட்டுக் கொடுத்தார். யாருக்கு, எத்தனை வயசு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடிந்தபோது வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனைத் தென்காசிக்கு டாக்டரிடம் கூட்டிப் போனேன். போர்டில் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு வரி முழுக்கப் பட்டம் இருக்கும். அந்த வரியின் மேல் எனக்கு அவ்வளவு பக்தி. கிளம்பும்போது தம்பி கைலியோடு செருப்பை மாட்டினான்.

"ஏலே, டாக்டரப் பாக்கக் கைலியிலயா போவாவ? என்ன நெனப்பாரு?"

"பேண்ட்டு காலப் புடிக்கிக்கா. வலி உசுரு போவுது."

"ஒரு மணி நேரம் பொறுத்துக்க. பெரிய டாக்டருலா."

நானே பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குள் காலை நுழைத்தான்.

டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த டாக்டர் அறைக்குள் ஒரே நேரத்தில் மூன்று பேரை விடுவார்கள். ஒருத்தர் ஸ்டூலில், இரண்டு பேர் பக்கத்து பெஞ்சில். ஒருத்தர் வியாதியை மற்ற இரண்டு பேரும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தம்பி ஸ்டூலுக்கு வந்ததும் டாக்டர் தலையை நிமிர்த்தாமல் "என்ன வேலை?" என்றார். லாரி டிரைவர் என்றான். கால் வலிக்கிறது, வீக்கமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். "உக்காந்தே ஓட்டுறதுல வர்ற சதைப் பிடிப்பு. அஞ்சு நாள் மாத்திரை, ரெஸ்ட்" என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். எழுதி முடிப்பதற்குள் அடுத்த ஆள் ஸ்டூலில் பாதி உட்கார்ந்துவிட்டார்.

பேண்ட்டைத் தூக்கு என்று அவர் சொல்லவில்லை. காலைத் தொடவில்லை. நான் மட்டும் என்ன கிழித்தேன்? "தூக்கிக் காட்டுலே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்காமல் நாமே காட்டினால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். கடைத்தெருவில் கீரைக்காரியிடம் ஒரு கட்டுக்கு நான்கு கட்டைப் பிரித்துக் காட்டச் சொல்கிற வாய் எனக்கு. அங்கே மட்டும் பசை போட்டு ஒட்டிக்கொண்டது. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பெரிய டாக்டரே பார்த்துவிட்டார் என்று சந்தோஷமாக வெளியே வந்தேன்.

புதன்கிழமை காலையில் நர்ஸ் வந்தாள். எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். மாதம் ஒருமுறை எனக்கு பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். வெளியூர்க்காரி இல்லை, பக்கத்துத் தெருப் பெண்தான். அவளுடைய பள்ளிக்கூட யூனிஃபார்மிலிருந்து நர்ஸிங் படிக்கப் போட்டுப்போன வெள்ளை கோட் வரைக்கும் நான் தைத்ததுதான். அவள் உடம்பின் ஒவ்வொரு அளவும் என் நோட்டில் இருக்கிறது. அதனால் அவள் என்னை விடப் பெரிய ஆளாக எப்படி ஆக முடியும் என்பது என் நினைப்பு.

தம்பி கைலியைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு தரையில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என் கையில் பட்டையைச் சுற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலில் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கேண்ணே. எத்தன நாளா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, ஒங்க டேப்பக் குடுங்க" என்றாள்.

என் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை வாங்கி இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்தாள். வலது கால் பதின்மூன்றரை. இடது கால் பதினைந்தே கால். ஒன்றே முக்கால் இன்ச் வித்தியாசம். இரண்டு கை நீளத்தில் அரை இன்ச் மாறினால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக் கத்துகிறவள் நான். மூன்று நாளாக அந்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்தக் காலைச் சுற்றியே நடந்திருக்கிறேன்.

"டாக்டரு பாத்துட்டாருட்டி. சதப் பிடிப்பாம்" என்றேன்.

"காலப் பாத்தாராக்கா?"

தம்பி சிரித்தான். "எங்கன பாக்க? அக்காதான் பேண்ட்டு மாட்டி உட்டால்லா. டாக்டருக்குப் பேண்ட்டு, ஒனக்குக் கைலி."

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இது சதப் பிடிப்பு மாதிரி தெரியல. உள்ள ரத்தம் ஒறஞ்சிருக்கலாம். நாள் முழுக்க உக்காந்தே ஓட்டுதவங்களுக்கு வரும். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் எண்ணெய் கிண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. ஒறஞ்சது நகண்டு நெஞ்சுக்குப் போயிட்டுன்னா உசுருக்கே மோசம்க்கா."

எனக்கு சுருக் என்றது. அவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று உள்ளே ஒரு பயம் எழுந்தது. அந்தப் பயத்தினால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். பெரிய ஆஸ்பத்திரி என்று போனால் படுக்க வைத்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமை போச்சு.

"ஏட்டி, நீ யாருட்டி அத சொல்ல? அவரு எத்தன வருசம் படிச்சிருக்காரு, நீ எத்தன வருசம் படிச்ச? பிரஷர் பாக்க வந்தா பிரஷரப் பாத்துட்டுப் போ. ஒம் பாவாடைக்கு நாடா கோத்து உட்டவ நான். என் வீட்டுல வந்து சாவு கீவுன்னு பேசுதியா?"

"டாக்டரு தப்புன்னு சொல்லலக்கா. அவரு காலப் பாக்கலல்லா. பாத்திருந்தா அவரும் இதத்தான் சொல்லிருப்பாரு."

"போட்டி வெளிய!"

அவள் முகம் செத்துப் போனது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்தினேன். கால் மணி நேரம் இருக்கும், ஜன்னல் பக்கம் குரல் கேட்டது. "மாத்திரையக் குடுக்க மறந்துட்டேன்கா. இங்கன வச்சிருக்கேன். கவருக்குள்ள இருக்கத இன்னைக்கே பாத்துருங்க." கம்பி வழியே ஒரு பழுப்புக் கவரை நீட்டி உள்ளே வைத்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தேன். அவள் போன பிறகு அந்தக் கவரை எடுத்து மிஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அவள் கொடுத்த மாத்திரையைத் தின்னக் கூடாது என்று அன்றைக்கு ஒரு வீம்பு.

வியாழக்கிழமை குற்றாலம். காலையிலிருந்து சாரல். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது வைத்தியமே கிடையாது. அது குளிப்பில் சேர்த்தி. தலைக்குச் சீயக்காய் போட்டதை டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? அந்த மாதிரிதான் இதையும் சொல்ல மாட்டோம். டாக்டர்களும் கேட்க மாட்டார்கள். ஒருத்தி மட்டும் கேட்காமலே, தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதையே சொல்லித் தம்பி தயங்கினான்.

"அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சேக்கா."

"அவ கெடக்கா. நேத்துப் பெறந்த புள்ள. நாளைக்கு சுரண்டையில போயி நொண்டப் போறியா?"

எண்ணெய் தேய்க்கிறவர் அருவிக்குப் போகிற வழியில் பெஞ்ச் போட்டிருந்தார். உலக்கை மாதிரி கை. காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டுக்கா. ஒரே அமுக்குல எடுத்துருவேன்" என்றார். அவர் முதலில் மெதுவாகத்தான் தேய்த்தார். "நல்லா அழுத்தித் தேயுங்க அண்ணாச்சி" என்று சொன்னது நான். என் வாயால் சொன்னேன். தம்பி துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான், கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அப்புறம் அருவியில் போய் நின்றான். திரும்பி வரும்போது நேராக நடந்து வந்தான். நொண்டல் கொஞ்சம்தான் இருந்தது.

"பாத்தியாலே! டாக்டரும் வேண்டாம், நர்ஸும் வேண்டாம். நம்ம எண்ணெயும் தண்ணியும் போதும்" என்று எனக்கு ஒரே குதூகலம். இரண்டு பேரும் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தால் நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். "இவ ஒருத்தி" என்று போனை மறுபடியும் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அதே பேண்ட்டுக்கு மறுபடியும் இஸ்திரி போட்டேன். நீல நிறச் சட்டை புதுசு. கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தவன் சீப்பைக் கீழே போட்டான்.

"அக்கா, மூச்சு முட்டுதுக்கா."

"பதட்டம்லே. பொண்ணு பாக்கப் போனா எல்லாவனுக்கும் அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவன் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சரிந்தான்.

ஆட்டோவில் தென்காசிக்குப் போகிற வழியெல்லாம் அவன் தலை என் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சின்னப் பெண். ஓடி வந்தவள் நேரே அவன் காலைத்தான் பார்த்தாள். பேண்ட் வீக்கத்தில் இறுகி மேலே ஏறவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, பாதத்திலிருந்து தொடை வரை சரசரவென்று வெட்டித் திறந்தாள். என் தம்பியின் இடது காலை ஒரு டாக்டர் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

"இதத் தேய்ச்சீங்களாம்மா?" என்று கேட்டாள்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். நான்கைந்து பேர் சேர்ந்து அவன் நெஞ்சை அமுக்கினார்கள், என்னென்னவோ ஊசி போட்டார்கள். பதினொரு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது என் கையில் போன் அடித்தது. சுரண்டைக்காரர்கள். "கெளம்பிட்டீங்களாம்மா? பஜ்ஜிக்கு மாவு கரச்சாச்சு" என்று பெண்ணின் அம்மா கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு சண்டை போட ஆள் தேடி அலைந்தேன். மருந்துக் கடை அண்ணாச்சியின் கண்ணாடிப் பெட்டியில் ஓங்கி அடித்தேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். டாக்டரின் கிளினிக்குக்குப் போய், "அவர வெளிய வரச் சொல்லு" என்று கத்தினேன். வாசலில் இருந்தவன், "டோக்கன் போட்டிருக்கியளாக்கா?" என்று கேட்டான். அடப்பாவி! குற்றாலத்துக்குப் போனேன். எண்ணெய் தேய்க்கிறவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தலையைத் தூக்காமல், "நீங்கதானக்கா அழுத்தித் தேய்க்கச் சொன்னீய" என்றார். அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து நான்கு நாள் கழித்து நர்ஸ் வந்தாள். வாசலில் பையோடு நின்றவளைக் கண்டதும் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் அவள் மேல் பாய்ந்தது. தப்பு செய்தவர்களை எல்லாம் விட்டுவிட்டு, சரியாகச் சொன்னவளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏட்டி, ஒனக்குத்தான் தெரியும்லா? நான் வெளிய போன்னு சொன்னா போயிருவியா? தெருவுல நின்னு கத்த வேண்டியதுதான? நாலு பேரக் கூட்டிட்டு வந்து அவனத் தூக்கிட்டுப் போவ வேண்டியதுதான? என்ன மயித்துக்கு நீ நர்ஸு?"

அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கவரப் பிரிச்சியளாக்கா?"

மாத்திரைக் கவர் மிஷின் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவள் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே எடுத்துப் பிரித்தாள். உள்ளே என் பிரஷர் மாத்திரை அட்டைகள் இரண்டு. நடுவில் நாலாக மடித்த ஒரு தாள்.

"நான் சொன்னா கேக்க மாட்டியன்னு தெரியும்க்கா. டாக்டரு சொன்னாத்தான் கேப்பிய. அதான் தெரு முக்குல நின்னு எங்க ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் அடிச்சேன். டேப்புல அளந்ததச் சொன்னேன். ஒடனே அனுப்புன்னாரு. அவரு சொன்னதத்தான் இதுல எழுதுனேன்." அதை என்னிடம் நீட்டினாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். சாய்வில்லாத பள்ளிக்கூட எழுத்து. மேலே அந்தப் புதன்கிழமைத் தேதி. இடது காலில் ரத்தம் உறைந்திருப்பதாகச் சந்தேகம், இன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, டாக்டர் சொன்னபடி எழுதியது என்று இருந்தது. டாக்டர் என்ற வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி, அது மட்டும் எனக்கு எழுதியது:

"அக்கா, அண்ணனுக்குப் பேண்ட் போட்டு உடாதீங்க. கைலியோடயே கூட்டிட்டுப் போங்க."